மருந்து என்ற பெயரும் கருவறையின் காலமும்



மொழி மன்றத்து மேடையில் இலக்கியம் பேசுவர், இலக்கணம் பேசுவர். இன்று நாம் களைக்கொல்லியையும் கருப்பையையும் புற்றுநோயையும் பற்றிப் பேசப்போகிறோம். இம்மேடைக்கு இது எவ்வாறு பொருந்தும் என்று சிலர் எண்ணலாம். பேச்சின் முடிவில் அந்த ஐயம் நீங்கும் என நம்புகிறோம். எங்களை இப்பொருளுக்கு இழுத்து வந்தது ஒரு தாயின் வினா.

ஈராண்டுகளுக்கு முன்னர், நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத்தில் பழைய தோட்டப் பாட்டாளிகளின் நினைவுகளைத் திரட்டச் சென்றிருந்தோம். 70 வயதைக் கடந்த ஓர் அம்மையார் பெரட்டுக் களத்தைப் பற்றியும், ஆயாக் கொட்டகையைப் பற்றியும், வெளிக்காட்டு வேலையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் ஏட்டை மூடும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஐயா, நீங்கல்லாம் படிச்சவங்க. ஒன்னு கேக்கணும். வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு ஏழு மாசம் வரைக்கும் மருந்து அடிச்சேன். அதனாலதான் எம் மகளுக்கு மார்ல கட்டி வந்துச்சா?”

அவருடைய மகள் 1976இல் பிறந்தவர். 44 வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த வினாவிற்கு அன்று நாங்கள் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. அதன் பின்னர் படித்தவையும் கேட்டவையும் எண்ணியவையுமே இன்றைய உரை. இதனை அந்த அம்மையாருக்குச் சொல்லும் விடையாகவே கருதுங்கள்.

பெயர் மாறிய பொருள்கள்

அந்த வினாவில் முதலில் நம்மை நிறுத்திய சொல் ‘மருந்து’. தோட்டத்தில் எவரும் களைக்கொல்லி தெளித்ததாகச் சொல்வதில்லை. நஞ்சு தெளித்ததாகவும் சொல்வதில்லை. ‘மருந்து அடித்தோம்’ என்பதே வழக்கு. புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, கொசுவுக்கு மருந்து. காய்ச்சல் வந்தால் தோட்ட மருத்துவமனையில் டிரசர் கொடுப்பதும் மருந்து. ஒரே சொல் இரண்டு பொருள்களையும் சுமந்தது.

மலாய்மொழி இவ்வகையில் தெளிவானது. களைக்கொல்லியை அது ‘ராச்சுன் ரும்பை’ என்கிறது. ராச்சுன் என்றால் நஞ்சு. அதே கலத்தை, அதே பெரட்டுக் களத்தில், தமிழர் மருந்து என்றழைத்தனர். தமிழகத்து வயல்களிலும் பூச்சிமருந்து என்பதே வழக்காதலால், இது மலாயாவில் பிறந்த பிழையன்று. நம் மூதாதையர் கப்பலில் தம்மோடு கொண்டுவந்த பேச்சு. ஆயினும் அதன் விளைவைத் தோட்டத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து என்ற சொல்லைக் கேட்டு யாரும் கையுறை தேடுவதில்லை. மருந்து பட்ட சேலையைத் தனியே துவைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றுவதில்லை. மருந்து வந்த தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பதில் யாருக்கும் அச்சமில்லை.

இதற்கு நேர்மாறான பெயரொன்றும் நம் மொழியில் உண்டு. தாயின் இரத்தத்திலிருந்து உணவையும் உயிர்வளியையும் பெற்றுக் கருவிற்கு ஊட்டும் உறுப்பை நாம் ‘நஞ்சுக்கொடி’ என்கிறோம். குழந்தையை வாழவைக்கும் உறுப்பிற்கு நஞ்சு என்று பெயர். குழந்தையைத் தாக்கக்கூடிய பொருளுக்கு மருந்து என்று பெயர். இவ்விரு பெயர்களும் ஒரே பெண்ணின் உடலில் சந்தித்த கதையே தோட்டப்புறத் தாய்மாரின் கதை.

தெளிக்கப்பட்டவை எவை?

மருந்து என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் பல பொருள்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீங்கைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

முதலாவது ஆர்சனிக். உலகப்போருக்கு முன்னும் பின்னும் மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் லாலான் புல்லையும் பிற களைகளையும் ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் உப்பு மிகுதியாகப் பயன்பட்டது. மேய்ந்த மாடுகள் மாண்டதைப் பழையவர்கள் இன்றும் சொல்வர். ஆர்சனிக்கும் அதன் சேர்மங்களும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்திற்கு அப்பாற்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அவற்றை முதல் வகுப்பில் வைத்துள்ளது.

இரண்டாவது, 2,4-டி, 2,4,5-டி ஆகிய களைக்கொல்லிகள். மறுநடவின்போது பழைய பால்மரங்களைக் கொல்ல இவ்வகை வேதிப்பொருள்கள் பயன்பட்டன. பட்டையில் தடவிப் பால் பெருகச் செய்யவும் பயன்பட்டன. 2,4,5-டி தயாரிக்கப்படும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு அதனுடன் கலந்துவிடும். டையாக்சினும் முதல் வகுப்பைச் சேர்ந்ததே.

மூன்றாவது டி.டி.டி. தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. திட்டத்திற்குட்பட்ட பகுதிகளில் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. இது தோட்ட வேலையன்று, பொதுநல வேலை. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் ஏராளம். மலேரியாவில் மாண்ட நம் முன்னோரின் தொகையை அறிந்தவர்கள் அதனை எளிதில் பழிக்க மாட்டார்கள். ஆயினும் அது எளிதில் சிதையாத பொருள். உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும், தாய்ப்பாலிலும் கலக்கும். 2015இல் அது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வகுப்பில் சேர்க்கப்பட்டது.

நான்காவது பாராகுவாட். 1960களில் சந்தைக்கு வந்த இக்களைக்கொல்லி, ஆர்சனைட்டின் இடத்தைப் பிடித்தது. கிராமக்சோன் என்ற விற்பனைப் பெயரைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. இதைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இதன் கொடுமை நுரையீரலிலும் தோலிலும் கண்ணிலும் நகத்திலும் தெரியும். விழுங்கினால் மாற்று மருந்தில்லை. ஆனால் இதனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக அந்த ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தவில்லை. தோட்டத்துப் பெண்கள் பட்ட தீங்கு அனைத்தையும் புற்றுநோய் என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கக்கூடாது. எந்தப் பொருள் எந்தத் தீங்கைச் செய்தது என்று பிரித்தறிவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அளவு மட்டுமன்று, காலமும்

அளவே நஞ்சை நஞ்சாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்னும் மருத்துவ அறிஞர் கூறினார். நெடுங்காலம் நச்சியலின் அடித்தளமாக அக்கருத்தே இருந்தது. கடந்த 50 ஆண்டுகளின் ஆய்வுகள் அதனுடன் மற்றொன்றைச் சேர்த்துள்ளன. எவ்வளவு பட்டது என்பதுடன் எப்பொழுது பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்றே பெயர். நோயாளியின் நிலை, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் கருத வேண்டும் என்னும் எண்ணம் அங்கும் உண்டு.

கருவறைக் காலம் ஏன் தனித்தன்மை வாய்ந்தது? ஒரு செல்லிலிருந்து முழு உடல் உருவாகும் காலம் அது. எந்தச் செல் எதுவாக வளர வேண்டும், எந்த மரபணு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்னும் ஒழுங்குகள் அப்போதே எழுதப்படுகின்றன. வளர்ந்தவரின் உடல் ஒரு நச்சுப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறனுடையது. கருவின் ஈரலுக்கு அத்திறன் இன்னும் முதிரவில்லை. நஞ்சுக்கொடி பலவற்றைத் தடுக்கும் வேலிதான். ஆனால் சிறு மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைபவையும் அதனைக் கடந்து செல்லும். ஆர்சனிக்கும் கடக்கும், டி.டி.டி.யும் கடக்கும்.

இதற்கு உலகம் பெற்ற முதல் பெருஞ்சான்று உண்மையான ஒரு மருந்திலிருந்தே வந்தது. கருச்சிதைவைத் தடுக்குமென்று எண்ணி 1940கள் முதல் மேலைநாடுகளில் கர்ப்பிணிகளுக்கு டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை இயக்குநீர் வழங்கப்பட்டது. 1971இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு மிக அரிதாகவே வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் கண்ட 8 பேரைப் பற்றி எழுதினர். அவர்களுள் 7 பேருடைய தாய்மார் கருவுற்றிருந்தபோது அம்மருந்தை உட்கொண்டவர்கள். தாயின் உடலில் சென்ற ஒரு வேதிப்பொருள், அவள் வயிற்றில் இருந்த மகளிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

இரண்டாவது சான்று அமெரிக்காவின் ஓக்லாந்து பகுதியிலிருந்து வந்தது. 1959 முதல் 1967 வரை அங்கே கருவுற்ற பெண்களின் இரத்தத்தை எடுத்து உறையவைத்துப் பாதுகாத்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், பார்பரா கோன் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் அந்த இரத்தத்தில் இருந்த டி.டி.டி.யை அளந்து, அக்காலத்தில் கருவில் இருந்த மகள்களின் நலனோடு ஒப்பிட்டனர். 2015இல் முடிவு வெளியாயிற்று. தாயின் இரத்தத்தில் ஒருவகை டி.டி.டி. மிகுதியாக இருந்த பிரிவில், மகள்கள் 52 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, குறைவாக இருந்த பிரிவினரைப் போல் ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. அதே குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு, 14 வயதிற்கு முன்னர் டி.டி.டி.க்கு மிகுதியாக ஆளான பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காக இருந்ததைக் காட்டியது. பொருள் ஒன்றே, அது உடலை அடைந்த காலமே விளைவை மாற்றியது.

மூன்றாவது சான்று தென்னமெரிக்காவின் சிலி நாட்டு அந்தோபகாஸ்தா நகரம். 1958இல் அந்நகரின் குடிநீருக்குப் புதிய மலையாறுகளைத் திருப்பினர். அந்நீரில் ஆர்சனிக் மிகுந்திருந்தது. 1970இல் நீர் தூய்மைப்படுத்தப்படும் வரை மக்கள் அதையே குடித்தனர். அக்காலத்தில் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்கள் 30 முதல் 49 வயதை அடைந்தபோது, நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் தொகை நாட்டின் பிற பகுதிகளை ஒப்பிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. 2006இல் வெளியான இவ்வாய்வை, சோடியம் ஆர்சனைட் தெளித்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் படிக்காமல் கடந்துபோக முடியாது.

குழந்தைப் பருவப் புற்றுநோயைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கனடிய ஆய்வாளர்கள் 2009இல் 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கருவுற்ற காலத்தில் வேலையிடத்தில் பூச்சிக்கொல்லிகளுக்கு ஆளான தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்காக இருந்தது. தந்தையின் வேலையைப் பொறுத்து அத்தகைய பொதுவான தொடர்பு தென்படவில்லை. கருவறையின் காலமே முதன்மையானது என்பதை இவ்வேறுபாடு மேலும் வலியுறுத்துகிறது.

இன்னுமொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பெண்குழந்தை கருவில் இருக்கும்போதே, ஏறத்தாழ 5 மாதத்தில், அதன் சூலகத்தில் பல இலட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிற்காலத்தில் பேரப்பிள்ளையாகப் பிறக்கப்போகும் முட்டையும் அவற்றுள் ஒன்று. ஆக, முதுகில் பம்பைச் சுமந்து தீம்பாரில் நடந்த கர்ப்பிணி ஒருத்தியோடு அவளும், அவள் மகளும், அவள் பேரப்பிள்ளையின் தொடக்கமும் சேர்ந்தே நடந்தனர்.

மடங்கும் மனிதரும்

இந்த எண்களைக் கேட்டு அச்சம் கொள்வது இயல்பு. ஆகவே அவற்றைப் படிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். 4 மடங்கு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு மகளைப் பற்றிய தீர்ப்பன்று. 100 பெண்களுள் 2 பேருக்கு ஒரு நோய் வரக்கூடிய வயதில், 4 மடங்கு என்பது 8 பேரைக் குறிக்கும். மற்ற 92 பேர் அந்நோயின்றி வாழ்வர். புற்றுநோய்க்கு வயது, மரபு, உடற்பருமன், மது, புகை எனப் பல வழிகள் உண்டு. ஒருவருக்கு வந்த நோயைச் சுட்டி, இன்ன நாளில் பட்ட இன்ன பொருளே காரணம் என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது.

அப்படியானால் இந்த அறிவால் பயன் என்ன? கூட்டத்திற்கு உண்டான கூடுதல் வாய்ப்பை அறிந்தால், கூட்டமாகவே தற்காத்துக்கொள்ளலாம். எவர் முன்கூட்டியே மார்பகப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும், எவருடைய இருமலை மருத்துவர் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், எந்த வேலையில் எந்தப் பெண்ணை நிறுத்தக்கூடாது என்பவற்றை முடிவு செய்யலாம்.

விரைந்த தீங்கும் மெல்லிய தீங்கும்

நெகிரி செம்பிலான் ஒரு பெருந்தீங்கைக் கண்ட மாநிலம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலண்டோக் பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவியது. தொடக்கத்தில் அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதினர். கொசுவை ஒழிக்கப் புகையடித்தனர்; தடுப்பூசி போட்டனர்; நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் அது பன்றிகளிடமிருந்து பரவும் புதிய கிருமி என்று தெளிவாயிற்று. அவ்வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அக்கிருமி பெற்றது. பெயர் திருந்தியதும் செயலும் திருந்தியது; நோய் அடங்கியது. அதற்குள் நாட்டில் 100 பேருக்கு மேல் மாண்டிருந்தனர்.

அந்நோய் சில நாள்களில் கொன்றது. ஆதலால் உலகம் ஓடி வந்தது. கருவறையில் பட்ட நஞ்சு 40 ஆண்டுகள் காத்திருக்கிறது. அந்த 40 ஆண்டுகளில் நம் தோட்டங்களுக்கு என்ன நேர்ந்தது? பால்மரம் செம்பனையாயிற்று. நீலாய், லாபு, சிரம்பான் ஆகிய வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன்கள் இடிக்கப்பட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். யார் எந்நாளில் எந்த வேலைக்குச் சென்றார் என்று எழுதிய செக்ரோல் ஏடுகளும், பிறப்பையும் நோயையும் எழுதிய தோட்ட மருத்துவமனைப் பதிவேடுகளும், நிலம் கைமாறும்போது யாரும் காக்காத தாள்களாயின.

இன்று 48 வயதுப் பெண்ணொருத்தி கட்டியோடு மருத்துவமனைக்குச் செல்கிறாள். உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் புற்றுநோய் உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். இல்லை என்கிறாள். உங்கள் தாயார் என்ன வேலை செய்தார் என்ற கேள்வி எழுவதில்லை. எழுந்தாலும், ‘தோட்டத்து வேலை’ என்ற இரு சொற்களோடு விடை முடிந்துவிடுகிறது. ஓக்லாந்தில் உறையவைத்த இரத்தம் இருந்தது. நம்மிடம் இருப்பது 70, 80 வயதுத் தாய்மாரின் நினைவு மட்டுமே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

சட்டமும் பெரட்டுக் களமும்

இப்போராட்டத்தில் நம் நாட்டுப் பெண்களின் பங்கை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் தோற்றுவித்த தெனாகனித்தா அமைப்பு, பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் இணைந்து, தோட்டங்களில் தெளிப்பு வேலை செய்த பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்கள் பம்பு சுமந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு பொருளைத் தடைசெய்தவுடன் வினா முடிவதில்லை. பாராகுவாட்டின் இடத்தில் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் பயன்படுகின்றன. முன்னது 2015இல் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தப்பட்டது. அம்மதிப்பீட்டை ஏற்காத அரசு அமைப்புகளும் உண்டு. பின்னது இனப்பெருக்கத்திற்குத் தீங்கு தருவதாக ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, 2018இல் அங்கே இசைவு முடிவுற்றது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உண்டு. அதன்கீழ் 2000இல் வந்த வேதிப்பொருள் விதிமுறைகள், தீங்கான வேலையிலிருந்து தொழிலாளரை மருத்துவக் கருத்தின்படி விலக்கி வைக்க வழிசெய்கின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அப்பாதுகாப்பிற்கு உரியவர்கள். உடனடி ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலகிச் செல்லும் உரிமையை 2024 சூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வழங்குகிறது.

ஆயினும் இரு இடைவெளிகள் உள்ளன. முதலாவது காலத்தின் இடைவெளி. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. முதன்மையான உறுப்புகள் 8 வாரங்களுக்குள் உருக்கொள்கின்றன. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறிந்து, உறுதிசெய்து, மண்டோரிடம் சொல்லும்போது அக்காலம் கடந்துவிடுகிறது. ஆகவே கருவுற்றபின் வேலையை மாற்றுவது மட்டும் போதாது. குழந்தை பெறும் வயதுடைய எந்தப் பெண்ணுக்கும் தீங்கு தராதபடி பொருளையும் வேலைமுறையையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது கூலியின் இடைவெளி. தெளிப்பு வேலையை விட்டால் நாட்கூலி குறையும் என்றால், எந்தப் பெண்ணும் தன் கருவை மூன்று மாதம் மறைக்கவே செய்வாள். நம் தாய்மாரும் அதையே செய்தனர். இன்று நம் பெண்களின் இடத்தில் பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிற்கின்றனர். கூலியும் குறையாமல், வேலையும் போகாமல் விலகி நிற்கும் நிலை இல்லாதவரை, எந்த விதிமுறையும் பெரட்டுக் களத்தை எட்டாது. நம் தாய்மாருக்கு நேர்ந்ததை அறிந்த நாம், அவர்களுக்கும் சேர்த்தே குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாம் செய்யக்கூடியவை

இனி இம்மன்றத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது சொல். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்னும் நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. பாடநூலில் அவற்றைப் படிக்கும் மாணவன், வீட்டில் மருந்து என்றே பேசுகிறான். பள்ளிகளிலும் வானொலியிலும் நாளிதழ்களிலும் மேடைகளிலும் இவற்றை மருந்து என்று குறிப்பதை நிறுத்துவோம். பேச்சில் ‘கொல்லி’ என்ற சொல் நீளமாகத் தோன்றினால் ‘நஞ்சு’ என்போம். மலாய்மொழி ஓர் அடைமொழியும் இன்றிச் சொல்வதை நாமும் சொல்லலாம்.

இரண்டாவது தாள். தாயின் வேலைக் குறிப்பு என்று ஒரு பக்கப் படிவத்தை மன்றம் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டுத் தர வேண்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பால்வெட்டா, புல்வேலையா, தெளிப்பா, கலக்கும் வேலையா, ஒவ்வொரு பிள்ளையும் வயிற்றில் இருந்தபோது எந்த மாதம் வரை வேலை, தோம்பின் நிறமும் வாசனையும் பெயரும் நினைவில் உண்டா, வீட்டுச் சுவரில் மலேரியாவுக்காகத் தெளித்தார்களா என்னும் சில கேள்விகள் போதும். மகனோ மகளோ ஒரு மாலைப்பொழுது அருகில் அமர்ந்து இதனை எழுதலாம். அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளையும் கொண்டு செல்லலாம். மருத்துவர் அதைக்கொண்டு நோயின் காரணத்தைத் தீர்மானிக்க மாட்டார். ஆயினும் எப்போது, எதனைச் சோதிக்க வேண்டும் என்று எண்ணுவதற்கு அது உதவும். படிகள் சேர்ந்தால் நாளைய ஆய்வாளர்களுக்கு அதுவே தொடக்கமாகும்.

மூன்றாவது மனம். இச்செய்தி தாயின் மேல் சுமத்தப்படும் பழியாக மாறிவிடக்கூடாது. கருவுற்ற பெண் இதைச் செய்யக்கூடாது, அதைத் தொடக்கூடாது என்று அறிவுரை கூறுவது எளிது. அவளிடம் கலத்தைக் கொடுத்தவர் யார், அதில் இருப்பதை அவளுக்கு அவள் மொழியில் சொல்லாதவர் யார் என்று கேட்பது கடினம். நாம் கடினமானதையே கேட்க வேண்டும்.

பெரியோர்களே, அந்த அம்மையாரை மீண்டும் காணச் செல்லவிருக்கிறோம். அவரிடம் என்ன சொல்வது என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். “அம்மா, உங்கள் மகளுக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவன்று என்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் தோட்டத்திலும் வீட்டிலும் தெளித்தவற்றுள் சில, வயிற்றுப் பிள்ளைக்குப் பின்னாளில் தீங்கு செய்யக்கூடியவை என்று இன்று படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதை அன்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் கையில் கொடுத்ததை மருந்து என்றார்கள், நீங்களும் நம்பினீர்கள். குற்றம் உங்களுடையதன்று. ஆனால் உங்கள் நினைவு வேண்டும். பேத்தியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்தத் தீம்பார், எந்த ஆண்டு, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள்; அவள் எழுதட்டும்.”

இதுவே எங்கள் விடை. அதனை எழுதிவைக்கும் தாளை இம்மன்றம் தர வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.